இரண்டாவது கோடு

விடுதியில் வாந்தியெடுத்து இறந்த சிறுமியின் தாய், தான் செய்தனுப்பிய பால்கோவாவின் மிச்சத்தை உணவு ஆய்வகத்துக்குத் தானே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். விடுதிச் சமையல்காரி அந்தச் சாவுக்காக அதற்குள் சிறைக்குப் போயிருந்தாள். வளர்ப்புத் தட்டில் கிருமி ஒன்றுகூட முளைக்கவில்லை என்று ஆய்வாளர் தமயந்தி சொன்னதும் தாயின் முகம் தெளிந்தது.

“எப்புடித் தாயி இருக்கும்? வழியில கெட்டுரக் கூடாதுன்னு மறுபடி அடுப்புல வச்சுச் சுண்டக் கிண்டித்தானே கொண்டாந்தேன்,” என்றவள், சீழ்வைத்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

தமயந்தி அந்த விரலையே பார்த்தாள். வெப்பம் சீழிலிருக்கும் கிருமியைக் கொல்லும். ஆனால் அந்தக் கிருமி பண்டத்தில் உமிழ்ந்துவிட்டுப் போன நஞ்சை வெப்பம் தொடாது. உள்ளே சென்று, பால்கோவாவைக் கரைத்த நீரில் நஞ்சறியும் பட்டையை நனைத்தாள். முதல் கோடு எப்போதும் வரும். இரண்டாவது வந்தால் நஞ்சு உண்டு. அது வெகுநேரம் தயங்கி, பின் முழுச் சிவப்பாக எழுந்தது.

கதவுக்கு அப்பால் தாய் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “நம்ம பண்டத்துல ஒண்ணுமில்லையாம். அந்தச் சண்டாளி வெளிய வரவே கூடாது.”

தமயந்தி கதவைத் திறந்தாள். தாய் கைகூப்பி எழுந்தாள்.

“எம்புள்ளைய நான் கொல்லலன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதாந் தாயி.”