நாற்பது கிராம்

ஒன்பது ஆண்டுகளாக, எந்த நாட்டுப் பளுதூக்கும் போட்டிக்குப் போனாலும் ஜெசிந்தாவை நான்காம் இடத்துக்குத் தள்ளியவள் இந்த எதிராளிதான். இன்று உடல் எடை பார்க்கும் அறையில் அவளுக்கு எடைப்பிரிவின் வரம்பைவிட நாற்பது கிராம் கூடுதல். ஓடினாள், எச்சிலைத் துப்பித் துப்பிக் கோப்பையை நிறைத்தாள். எண் இறங்கவில்லை. இன்னும் பத்து நிமிடம்தான்.

பயிற்சியாளர் தமயந்தி ஜெசிந்தாவின் காதில் கிசுகிசுத்தார். "இவ போயிட்டா வெண்கலம் நமக்குத்தாம்மா. பேசாம உக்காரு."

எதிராளி கத்தரிக்கோலை எடுத்துத் தன் பின்னலில் வைத்தாள். கழுத்துக்குப் பின்னால் கை சரியாக எட்டவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

ஜெசிந்தா எழுந்துபோய்க் கழுத்தோரமாக நறுக்கினாள். உள்ளங்கையில் விழுந்த பின்னலை, நூறு கிலோ தூக்கிப் பழகிய கை, மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தது.

தமயந்தியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "நாப்பது கிராம் தேறுமா, மேடம்?"