மறதியில் முதுகலை

கணித ஆசிரியர்களுக்கான முதுகலைப் படிப்பில் யாழ்மதி மறதிப் பிரிவை எடுத்திருந்தாள். தெரிந்த பாடத்தை மறந்துவிட்டு, பிள்ளைகளைப் போல மறுபடி கற்க வேண்டும். முதல் நாள் தூக்கத்திலேயே பின்னங்கள் எல்லாம் இலவம்பஞ்சு போல அவளை விட்டுப் பறந்து போயின.

காலையில் மகள் நறுமுகை ஒரு பெரிய தோசையோடு வந்தாள்.

"உனக்கு இதுல மூணுல ஒரு பங்கு வேணுமா, நாலுல ஒரு பங்கு வேணுமாம்மா?"

"நாலுல ஒண்ணு குடு. அதுதானே பெருசு?"

நறுமுகை திகைத்துப் போனாள். நேற்று அவளே அம்மாவிடம் சொன்ன அதே விடை. அதற்குத்தான் அம்மா காதைத் திருகியிருந்தாள்.

மெல்ல நெருங்கி உட்கார்ந்தாள்.

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. ஆனா சத்தமாச் சொல்லாத."

யாரும் திருகிவிடாதபடி, அம்மாவின் காதுகளை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.