பழைய டயரில் வெட்டிய மட்ஃபிளாப்

காரின் பெயிண்டைக் கெடுப்பவை எதிரே வரும் லாரிகள் என்று உலகம் நம்புகிறது. மன்னிக்க முடியாத பிழை. கல்லை எறிவது காரின் சொந்தச் சக்கரமே.

இதை அறிந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சக்கரத்துக்குப் பின்னால் தொங்கிக் கல்லையும் சேற்றையும் தடுக்கும் மட்ஃபிளாப்களில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கி மாட்டிக்கொண்டது. லாரியில் ஓடித் தேய்ந்த டயரை வெட்டிச் செய்தது அது.

முதல் மழையில் சக்கரம் வழக்கம்போல் கல்லை எறிந்தது.

"எறிடா தம்பி, எனக்கு வலிக்காது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருங்க அது?"

"மட்ஃபிளாப். நானும் உன்னை மாதிரி உருண்டவன்தான். நீயும் தேய ஆரம்பிச்சுட்டே. முழுசாத் தேஞ்சதும் கத்தியோட வருவாங்க. மெதுவாத்தான் வெட்டுவாங்க."

"சும்மா பயமுறுத்தாதீங்கண்ணே."

"பயப்படாதே. என் பக்கத்துல உனக்கு இடம் இருக்கு."

சக்கரம் அங்கேயே நின்றது. கார் உறுமியது, கெஞ்சியது. சக்கரம் அசையவில்லை.

பெயிண்டில் இன்றுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.