குறையவே குறையாத கல்லா

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. நடுவே வரும் காற்புள்ளிகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

காந்தி ரோட்டில் பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் அடுத்துப் படியேறுவது துர்காதேவி மேட்சிங் சென்டருக்குத்தான். ஃபால்ஸ், லைனிங், நூல்கண்டு, ஊக்கு எல்லாம் கிடைக்கும். இருபதாயிரம் ரூபாய்ச் சேலையைப் பேரம் பேசாமல் வாங்கிவந்தவர்கள், இங்கே பத்து ரூபாய் ஊக்கு அட்டைக்கு அரை மணி நேரம் வாதாடுவார்கள்.

கடை குப்புசாமியுடையது. பெயர் அவருடைய மகளுடையது. சத்தம் மட்டும் மகளைக் கட்டிய ராமராஜனுடையது. பங்குனி உத்திரம் முடிந்ததும் கடையை மருமகன் பேருக்கே எழுதிவிடுவதாகக் குப்புசாமி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராமராஜன் ஒரு பயங்கரக் குற்றத்தைக் கண்டுபிடித்தான்.

கடையில் தினமும் கணக்கு சரியாக இருந்தது.

கல்லாவில் உட்காருகிறவள் கலையரசி. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண். ஷட்டரை இறக்குவதற்கு முன், பில்லையும் ரொக்கத்தையும் ஜிபேயில் வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, "சரியா இருக்குது ஐயா" என்று சாவியைக் குப்புசாமி கையில் கொடுப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில நாள் பணம் குறைந்தது. குறைகிறதைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று ராமராஜன் ஒரு சத்தம் போட்டான். அதோடு சரி. பிறகு கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை, ஒரு ரூபாய் கூடியதுமில்லை.

ராமராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

பில் கட்டுகளைத் தலைகீழாகப் புரட்டினான். அவள் எண்ணிய நோட்டுகளைத் திரும்ப எண்ணினான். எதிர்க்கடை டீ பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பர் படிப்பது மாதிரி அவளையே பார்த்தான். பேப்பர் போன வாரத்தது என்று டீக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் எழுந்து வந்தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கலையரசியை மாமனார் முன்னால் நிறுத்தினான்.

"மாமா, கல்லா தினம் டேலி ஆவுது!"

"சந்தோசம் மாப்ளே."

"இன்னா சந்தோசம்? சில்லறை இல்லன்னா ஊக்கு குடுக்கற கடை இது! இங்க எப்டி மாமா ரூபா சுத்தமா டேலி ஆவும்? இவ பில்லு போடாம வித்து உள்ள தள்ளிக்கினு இருக்கறா. வெளிய தெரியக் கூடாதுன்னு அதுலேர்ந்தே எடுத்து கல்லாவ ரொப்பிக்கினு வரா!"

"கணக்கு ஒதைக்குதுன்னு அழறவன நிறைய பாத்துக்கிறேன். சரியா இருக்குதுன்னு அழறவன இப்பதான்பா பாக்கறேன்."

கலையரசி மெல்ல வாயைத் திறந்தாள். "சார், குறைஞ்சா சம்பளத்துல புடிப்பேன்னீங்க. சரியா இருந்தா வேலைய வுட்டே தூக்குவீங்களா?"

"நீ பேசாத! மாமா, இன்னிக்கே இவள அனுப்புங்க. போலீசுக்குப் போனாலும் தப்பில்ல."

குப்புசாமி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"போலாம் மாப்ளே. அங்க கேப்பாங்க இல்ல? நேத்து கல்லா சரியா இருந்தது தப்புன்ற. அப்ப எவ்ளோ குறைஞ்சிருக்கணும்?"

"முன்னூறு!" என்றான் ராமராஜன்.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குப்புசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருமகனைப் பார்த்தார்.

"மத்தியானம் இந்தப் பொண்ணு சாப்புடப் போறப்ப, கல்லாவுல நீதான மாப்ளே குந்திக்கினு இருக்கற?"

ராமராஜன் லைனிங் துணி மூட்டைக்குப் பின்னால் நகர்ந்தான்.

"மொத வாரமே இவ எங்கிட்ட அழுதுக்கினு வந்துட்டா. தினம் எவ்ளோ குறையுதோ சொல்லும்மா, எம் பையிலேர்ந்து தரேன், கமுக்கமா கல்லாவுல போட்டுடுன்னேன். கல்லா சரியா இருந்தா யாருக்கு வயிறு எரியும்? எடுக்கறவனுக்குத்தான எரியும்! அவனே வந்து சொல்லுவான்னு காத்துக்கினு இருந்தேன்."

ராமராஜன் லைனிங் துணி மூட்டையைத் தாண்டி மாமனார் காலில் விழுந்தான். "மன்னிச்சுடுங்க மாமா! பெட்ரோலு, டீக்குன்னு தினம் முன்னூறு எடுத்தேன். அதுக்கு மேல ஒரு பைசா தொட்டதில்ல."

"திருட்டுலயும் பொய்யா? தினம் ஐநூறு ஐநூறா எண்ணிக் குடுத்தது நான்டா!"

"ஐயோ, முன்னூறுதான் மாமா! துர்கா மேல சத்தியம்!"

"எம் பொண்ணு மேலயே பொய் சத்தியம் பண்றியா!"

பணத்தைக் கூட மன்னித்திருப்பார். அந்தச் சத்தியத்தைத்தான் கிழவரால் மன்னிக்க முடியவில்லை.

பங்குனி உத்திரம் முடிந்தது. கடை மகள் பேருக்கு எழுதப்பட்டது. ராமராஜன் இப்போது கடையின் கடைசி மூலையில் உட்கார்ந்து ஊக்குகளை அட்டையில் குத்திக்கொண்டிருக்கிறான். கலையரசிக்குச் சம்பளம் கூடியது. கல்லாச் சாவியும் அவளிடமே இருக்கிறது. இப்படி ஒரு யோக்கியமான பெண் தாமலிலிருந்து வாலாஜாபாத் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டாள் என்று குப்புசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரத்திலிருந்து கலையரசி ஐயம்பேட்டையில் ஒரு தினச் சீட்டு கட்டி வருகிறாள்: நாளொன்றுக்கு இருநூறு ரூபாய்.