நடு மடிப்பு

மேடையில் பேராசிரியர் பையைப் பிரித்ததும் முன்வரிசையில் இருந்த அவர் மனைவி இருக்கையின் நுனிக்கு வந்தாள். உள்ளே இருந்தது புரத மாடல். மாணவர்கள் கம்பியில் மணி மணியாகக் கோத்துக் கொடுத்தது. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். பேராசிரியர் அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"இந்தச் சங்கிலி எப்படி மடியுதோ, அதை வச்சுத்தான் புரதம் வேலை செய்யும்" என்று ஆரம்பித்தவர், நடுவில் அமுங்கியிருந்த இடத்தைப் பார்த்து ஒரு கணம் விழித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இந்த நடு மடிப்பைக் கவனிங்க. இதுவரைக்கும் யாருமே பார்க்காதது. என் வழிகாட்டுதல்ல எங்க பசங்க கண்டுபிடிச்சது."

கைதட்டல் அடங்குவதற்குள் பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எழுந்தார்.

"மன்னிக்கணும். இதே மடிப்பை எங்க லேப்ல போன வருஷமே பார்த்தாச்சு. அச்சு அசலா இதேதான்."

"அப்ப ஏன் வெளியில சொல்லல?"

"சரிபார்த்துட்டு இருந்தோம்."

சட்டையைப் பிடிக்காத குறைதான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது காரை ஓட்டியபடியே பேராசிரியர் பொருமினார். "என்ன நெஞ்சழுத்தம் பார்த்தியா? என் மடிப்புக்கு அவன் உரிமை கொண்டாடறான்."

"கோவிச்சுக்காதீங்க. காலையில நீங்க வீட்டைப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள நான் வந்து கார்ல ஏறினேன்ல? சீட்ல பை இருந்ததைப் பார்க்கல. அது மேலயே உட்கார்ந்துட்டேங்க."

பேராசிரியர் வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப அவன் மாடல் மேல யாரு உட்கார்ந்தது?"