மச்சான் எடுத்த அரம்

கடைக்காரர் எடுத்து வைத்த சாணை மிஷினைச் சபாபதி கையில் தூக்கிப் பார்த்தார். இது இருந்தால் ஒரே சாயங்காலத்தில் கத்தி தயார் என்றார்.

பக்கத்தில் நின்ற கண்ணாயிரம் அரங்கள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சபாபதியின் மனைவி லோகநாயகிக்கு அண்ணன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். தங்கை மகள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கோபத்தில் வருடக்கணக்காக அந்த வீட்டுப் படி ஏறாதவர்.

போன வாரம் சிதம்பரம் பஸ் நிலையத்தில் கிள்ளை பஸ்ஸுக்கு நின்றவரைச் சபாபதி சந்தித்தார். லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடைத்திருக்கிறது, பலாப்பழம் அறுக்கக் கத்தி செய்யலாமென்று இருக்கிறேன், ராவித் தீட்ட என்ன வாங்கலாம் என்று கேட்டு வைத்தார்.

வந்து பார்த்து எடுத்துத் தருகிறேன் என்றார் கண்ணாயிரம். சொன்னபடி இன்று வந்துவிட்டார்.

கடைக்காரரும் மிஷின் பக்கமே பேசினார். கரண்ட் இருக்கிற நேரமே போதும், இந்தக் காலத்தில் யார் கையால் ராவுகிறார்கள் என்றார்.

சபாபதி சுவிட்சைத் தட்டினார். கல் சர்ரென்று சுற்றியது. இதையே கட்டிக் கொடுங்கள் என்றார்.

கண்ணாயிரத்துக்கு முகம் மாறிவிட்டது. மிஷினில் பிடித்தால் இரும்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும், கூர் நிற்காது என்றார். தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கலாமே என்றார் சபாபதி. சபாபதி பேசப் பேசக் கண்ணாயிரத்துக்குப் பிடிவாதம் ஏறியது. பட்டையைக் கரியில் பழுக்க வைத்து, சாம்பலில் ஆறவிட்டு, அரத்தால் ராவி, மறுபடி பழுக்க வைத்து எண்ணெயில் முக்கி, கடைசியாகக் கல்லில் தீட்டவேண்டும்; அதுதான் கத்தி என்றார்.

அரங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, பல்லை நகத்தால் தடவிப் பார்த்தார். முரட்டு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று, எண்ணெய்க்கல் ஒன்று எடுத்து வைத்தார்.

"நாளு ஜாஸ்தி ஆவுமே மச்சான். எனக்கு ராவவும் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் சாயங்காலம் நான் வர்றேன் மாப்ள. நீங்க பட்டையப் பிடிச்சிக்கிட்டா போதும்."

சபாபதி தோற்ற முகத்தோடு மிஷினைத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரத்தை எந்த வாட்டத்தில் தள்ளவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் கண்ணாயிரம். சபாபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார்.

வாசலில் இறங்கிய கண்ணாயிரம் செருப்பைக் கழற்றச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

வண்டிச் சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த லோகநாயகி அண்ணனைக் கண்டாள். அவருக்குப் பின்னால் நின்ற புருஷன் கண்ணைக் காட்டினார்.

அவள் சட்டென்று உள்ளே திரும்பி, போன தீபாவளிக்குப் புருஷன் வாங்கி வைத்திருந்த சாணை மிஷின்மேல் பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடினாள்.

பிறகுதான் வாசலுக்கு வந்து, "வாண்ணா" என்றாள்.