நடுவில் மாட்டிய தண்டு

படகின் வயிற்றில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஓர் இணைப்புத் தண்டு இருந்தது. இரண்டும் ஒரே அளவு சாய்ந்து உட்கார்ந்தால்தான் அது உதறாமல் சுழலும். இல்லாவிட்டால் ஒருநாள் முறிந்துவிடும்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் சாயணும்," என்று இன்ஜினிடம் கேட்டது தண்டு.

"இந்த உடம்பை வச்சுக்கிட்டு நானா? அவனைச் சாயச் சொல்லு."

"போன தடவையும் நான்தான் சாய்ஞ்சேன். இனி ஒரு நூல்கூட அசைய மாட்டேன்," என்றது பெட்டி.

இரண்டையும் சரிப்படுத்த வந்த மெக்கானிக் மல்லுக்கட்டிப் பார்த்து அலுத்துப்போய், இருந்தபடியே போல்ட்டுகளை முறுக்கிவிட்டார்.

படகு தண்ணீரில் இறங்கியது. தண்டு உதறிக்கொண்டே சுழன்றது.

"இவன் ஏன்டா இப்படி உதறுறான்?" என்றது இன்ஜின்.

"பிறவியிலேயே அப்படித்தாண்ணே," என்றது பெட்டி.

இரண்டும் ஒத்துப்போய்ப் பேசுவதை அன்றுதான் கேட்டதால், அதைக் கெடுக்க மனமில்லாமல் தண்டு பழியைச் சுமந்தபடியே சுழன்றது.